இரண்டு வால்வில் ஒன்று

பிறப்பு: 1978, ஆகஸ்ட் 19. தொழில்: நீராவிச் சலவை நிலையம் ஒன்றில் பாய்லர் இயக்குபவர், சான்றிதழ் பெற்றது 2001. கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரே மகள், பிறப்பு 2009. ஒரே தங்கை, பிறப்பு 1983. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். தங்கைக்கு வலது மார்பில் புற்றுநோய் கண்டறியப்பட்டது 2020 நவம்பரில். அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து அவள் ஒலிவாங்கி முன் மீண்டும் உட்கார்ந்தது 2021 ஆகஸ்டில். அக்கா, தங்கை இருவருக்கும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்த நாள் 2021 அக்டோபர் 6. முடிவு வந்தது நவம்பர் 24.

இந்தக் குறிப்புகளில் பிழை ஏதும் இல்லை. இருந்தாலும் இவற்றை வரிசையாகப் படிக்கிற எவரும் மரபணுக் குறை தங்கையின் ரத்தத்தில்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

சலவை நிலையத்தில் அக்காவைப் பாய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைப் போர்வைகளும் விடுதித் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் அந்தக் கூடத்தின் பின்புறம், இரும்புக் கதவுக்கு அப்பால், அவருடைய பாய்லர் இருந்தது. அதன் மூச்சு மாறினால், தூங்குகிற குழந்தையின் மூச்சு மாறினால் தாய்க்குத் தெரிவதுபோல அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அன்று ரத்தம் கொடுத்ததே தங்கைக்காகத்தான். ஊசியைக் கண்டால் தங்கைக்குக் கை கால் உதறும். "நீ முதல்ல குத்திக்க, நான் பாத்துட்டுக் குத்திக்கறேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். மருத்துவமனையில் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வு ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்ததால், அக்காவின் ரத்தமும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நவம்பர் 24 அன்று மரபணு ஆலோசகரின் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். பேனாவைத் தேடியபடியே பேசுவார், பேனா பெரும்பாலும் அவர் கொண்டையில் இருக்கும்.

"உங்க தங்கச்சிக்கு அந்த மரபணுக் குறை இல்லம்மா. உங்களுக்குத்தான் இருக்கு."

"மாத்திச் சொல்றீங்க," என்றார் பாய்லரம்மா, திட்டாமல், திருத்திக் கொடுக்கும் பொறுமையோடு. "இவதான் தங்கச்சி. நான் அக்கா."

"தெரியும்மா. அக்காவுக்குத்தான் இருக்கு."

தங்கை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "மேடம், வியாதி வந்தது எனக்கு. முடி கொட்டுனது எனக்கு. அக்கா துணைக்கு வந்தவ. துணைக்கு வந்தவ ரத்தத்துல இருக்குன்னா ஊசி போட்டவங்க குழாயை மாத்திட்டாங்கன்னு அர்த்தம்."

ஆலோசகர் மறுக்கவில்லை. அந்த ஐயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். டிசம்பர் 15 அன்று, இரண்டு வேறு அறைகளில், இரண்டு வேறு செவிலியர், இரண்டு வேறு நிறத் தாள் ஒட்டிய குழாய்களில் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். 2022 ஜனவரி 19 அன்று வந்த முடிவு, முதல் முடிவிலிருந்து ஒரு புள்ளிகூட மாறவில்லை.

தங்கை அதைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "வியாதி வந்தவளுக்குக் குறை இல்ல. குறை இருக்கறவளுக்கு வியாதி வரல. நல்லா இருக்கு மேடம் உங்க சோதனை."

ஆலோசகர் சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் ஒன்று போட்டார். "இது ஒரு செல். நம்ம உடம்பே இந்த மாதிரி செல்லாலதான் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சில மரபணுக்கள் காவல் வேலை பாக்குது. செல் கண்டபடி பெருகாம பாத்துக்கறது, உள்ள உடைஞ்சதைச் சரி பண்றது, சரி பண்ணவே முடியலைன்னா அந்த செல்லை நிறுத்திடறது. கட்டியை அடக்கற மரபணுன்னு பேரு. ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. அதுல ஒரு மரபணுவுல, உங்களுக்கு ஒண்ணு பொறக்கும்போதே வேலை செய்யல."

"இன்னொண்ணு?"

"அது நல்லா வேலை செய்யுது."

பாய்லரம்மாவின் முகம் தெளிந்தது. பின்னால் வந்த குழப்பம் அத்தனைக்கும் விதை விழுந்தது அந்த நொடியில்தான். ஆலோசகரோ அதைக் கவனிக்கவில்லை. அவர் தங்கையின் பக்கம் திரும்பியிருந்தார். "உங்களுக்கு ரெண்டும் நல்லாத்தான் பொறந்துச்சு. அப்புறம் வாழ்ந்த வருஷங்கள்ல எங்கயோ ஏதோ ஒரு செல்லுல, ஏதோ ஒரு காவல் போயிடுச்சு. மார்புப் புற்றுநோய் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க உங்களை மாதிரிதான். பரம்பரையா வர்றது பத்துல ஒண்ணு இருந்தாலே அதிகம்."

"நான் அப்படி என்ன பண்ணேன்?"

"எதுவுமே பண்ணல. ஏன் உங்களுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

பாய்லரம்மாவுக்கு அவர் சொன்னவை வேறு. வருடத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் படக்கருவியில் ஸ்கேன், அதற்கு ஆறு மாதம் தள்ளி மார்பக எக்ஸ்ரே. இதே குறையால் சினைப்பையிலும் கட்டி வரலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். விரும்பினால், நோய் வருமுன்னரே மார்பை எடுத்துவிடும் அறுவையைப் பற்றியும் யோசிக்கலாம். இந்தக் குறையோடு பிறந்த பெண்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு எண்பது வயதுக்குள் நோய் வருகிறது. முதல் ஸ்கேன் ஏப்ரல் 13.

இருவரும் பேருந்தில் திரும்பினார்கள். இறங்கும் இடம் வந்தபோது தங்கை சொன்னாள்: "பொறாமையா இருக்குக்கா. யாரைப் பாத்து, எதுக்குன்னுதான் தெரியல."

அடுத்த குழப்பம் தந்தையிடமிருந்து வந்தது. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர்; மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அம்மா சாலை விபத்தில் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவின் அக்கா மார்பில் கட்டி வந்து இறந்தவர். ஆகவே தங்கைக்கு நோய் வந்த நாள் முதல், அது அம்மா வழிச் சொத்து என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். "எங்க பக்கம் சுத்தம்மா, பொம்பளைங்க யாருக்கும் ஒண்ணும் வந்ததில்ல" என்று தந்தை அவ்வப்போது சொல்வதுண்டு. அவர் பக்கத்தில் பெண்களே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை: நான்கு அண்ணன் தம்பிகள், ஒருவருக்கும் அக்காவோ தங்கையோ கிடையாது, நால்வர் பெற்றதில் பெண் பிள்ளைகள் இந்த இருவர் மட்டுமே.

மார்ச் மாதம் தந்தையின் ரத்தத்தையும் சோதித்தார்கள். குறை அவரிடம் இருந்தது.

"எனக்கா?" தந்தை தன் சட்டைப் பொத்தான்களைக் குனிந்து பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோல. "எனக்கு வந்தா என்னத்துல வரும்?"

"ஆம்பளைங்க கிட்டயும் இருக்குமாம்ப்பா. சின்னச் சித்தப்பா கணையத்துல கட்டி வந்து போனாரே, அதுகூட இதனால இருக்கலாமாம்," என்றார் பாய்லரம்மா.

தந்தை மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, "முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் தபால் குடுத்தேன். ஒண்ணுகூட வீடு மாறிப் போனதில்ல," என்றார். "என் வீட்டுக்கு இதையாம்மா கொண்டுவந்து போட்டேன்?"

"வேணும்னா போட்டீங்க? தெரிஞ்சா போட்டீங்க?" என்று பாய்லரம்மா அதட்டினார். அதட்டல் பாசத்தில் வந்தது. "ஒண்ணுதானே போச்சு. அம்மா குடுத்தது நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு போதும்ப்பா."

ஒன்று போதும் என்பதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அது அவருடைய தொழில் அவருக்குக் கொடுத்த உறுதி. அவருடைய பாய்லருக்கு மேல் இரண்டு சேஃப்டி வால்வுகள் உண்டு. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் அவை தாமாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஏணியில் ஏறி இரண்டின் கைப்பிடியையும் தூக்கிப் பார்ப்பார். இரண்டும் சீறினால் இறங்குவார். ஒன்று பழுதானால் அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, மெக்கானிக் வரும்வரை மற்றதை நம்பி ஓட்டுவது அந்த நிலையத்தின் வழக்கம். 2014இல் அப்படி ஏழு வாரம் ஓட்டியிருக்கிறார். ஒரு போர்வைகூடத் தாமதமாகப் போகவில்லை. ஆலோசகர் "இன்னொண்ணு நல்லா வேலை செய்யுது" என்றபோது, பாய்லரம்மா மனத்துக்குள் ஏணியில் ஏறி, பழுதானதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

ஆகவே ஏப்ரல் 13 வந்தபோது, பாய்லருக்கு ஆண்டு ஆய்வு இருக்கிறது என்று சொல்லி ஸ்கேனைத் தள்ளிவைத்தார். ஆண்டு ஆய்வு இருந்தது உண்மை; அது அடுத்த வாரம் என்பதும் உண்மை. ஜூன் 8 என்று புதிய தேதி கொடுத்தார்கள். அன்றும் வராவிட்டால் மருத்துவமனையின் ஆய்வில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றும், பிறகு பொது வரிசையில் எப்போது இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். கணவரிடம் கேட்டார். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் தானாகத் திருப்பாத மனிதர் அவர். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஜூன் 8க்கும் போவதாக இல்லை என்று பாய்லரம்மா மனத்தில் முடிவு செய்துகொண்டார்.

தங்கைக்கு விஷயம் எட்டியது மே மாத நடுவில். ஒரு ஞாயிறு காலை நேராக அக்காவின் சமையலறைக்கு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, நிலையத்தில் பேசுகிற அதே நிதானக் குரலில் ஆரம்பித்தாள்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏப்ரல் பதிமூன்றாம் தேதி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய என் அக்கா, காலவரையறை இன்றித் தாமதமாக இயங்குகிறார். இதனால் தங்கைக்கு ஏற்படும் வயிற்றெரிச்சலுக்கு வருந்துகிறோம்."

பக்கத்து அறையில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பாய்லரம்மாவும் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

"ஏன் போகல?"

"ஒண்ணு நல்லா இருக்குடி. அவங்களே சொன்னாங்க, நீயும்தானே கேட்ட."

"எனக்கு ரெண்டும் நல்லா இருந்துச்சுக்கா! எனக்கே வந்துச்சே!"

பாய்லரம்மா குழாயை மூடினார். ஈரக் கையோடு திரும்பினார். "அதைத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு இருந்தும் வருது. அப்ப ஒண்ணு இருந்தா என்ன, ரெண்டு இருந்தா என்ன? உன்னை ரெண்டும் காப்பாத்தல. என்னை நாப்பத்து மூணு வருஷமா ஒண்ணு காப்பாத்துது. என்னுதுதான் கெட்டியான ஒண்ணுன்னு வெச்சுக்கயேன்."

தங்கை தேய்த்து வைத்த பாத்திரம் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். நாற்பது ரயில்களின் நேரத்தையும் மாறாமல் சொல்லக்கூடியவள், இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டாள். அக்கா சொல்வது தவறு என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது; எங்கே தவறு என்று பிடிபடவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருவரும் அடுப்பங்கரையில் நின்றார்கள். பால் பொங்கி வழிந்தபோது மகள் வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

மே 30, திங்கட்கிழமை. வால்வுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாய்லரம்மா ஏணியிலிருந்து இறங்கும்போது மேனேஜர் அழைத்தார். மூடப்பட்ட ஓர் ஆடைத் தொழிற்சாலையிலிருந்து முப்பது தேய்ப்பு மேசைகள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் அடியில், சோற்றுப் பானை அளவில், மின்சாரத்தில் ஓடும் ஒரு குட்டி பாய்லர். அழுத்தம் ஏறினால் மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச். அது தவறினால் திறந்துகொள்ள ஒரு சேஃப்டி வால்வு. இரண்டு காவல்.

"ஒரு பார்வை பாத்துடுங்கம்மா. நாளைக்கே ஓட்டிடலாம்."

பாய்லரம்மா முட்டி போட்டு முதல் மேசையின் அடியில் பார்த்தார். வால்வு இருக்க வேண்டிய துளையில் ஒரு போல்ட் முறுக்கப்பட்டிருந்தது. வால்வு ஒழுகியிருக்கும், துணியில் சொட்டுகிறது என்று யாரோ பிடுங்கிவிட்டு அடைத்திருப்பார்கள். இரண்டாவது மேசையிலும் போல்ட். மூன்றாவதிலும். கடைசி மேசைவரை ஊர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஓட்ட முடியாது சார். முப்பதுலயும் வால்வு இல்ல."

"சுவிட்ச் இருக்குல்ல? ஒவ்வொண்ணும் வேலை செய்யுதா பாத்தாச்சு. அப்புறம் என்ன? பெரிய பாய்லரையே நீங்க ஒத்தை வால்வுல ஏழு வாரம் ஓட்டலையா? அப்ப மட்டும் ஒண்ணு போதும்னீங்க."

"அது ஒரு பாய்லர் சார்!" பாய்லரம்மாவின் குரல் உயர்ந்தது. தேய்ப்புக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணே ஒண்ணு. என் கண்ணும் காதும் அது மேலயே இருந்துச்சு. இது முப்பது. ஒவ்வொண்ணுலயும் மிச்சம் இருக்கறது ஒத்தைக் காவல். இன்னைக்கு எல்லா சுவிட்சும் நல்லாத்தான் இருக்கு, நான் இல்லைங்கல. நாளைக்கு எது ஒட்டிக்கும், அடுத்த வருஷம் எது ஒட்டிக்கும், யாருக்குத் தெரியும்? இருபத்தொன்பது ஒழுங்கா இருந்து என்ன பிரயோஜனம்? எங்கயோ ஒண்ணு போனாப் போதாதா? எண்ணிக்கை ஏற ஏற..."

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கையிலிருந்த ஸ்பேனர் தாழ்ந்தது.

"என்னம்மா? தலை சுத்துதா? உக்காருங்க."

"இல்ல சார். ஒரு ஃபோன் பண்ணணும்."

பாய்லர் அறையின் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசகரை அழைத்தார். பின்னால் பாய்லர் இரைந்ததால் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மேடம், அந்த ரெண்டு மரபணு சொன்னீங்களே. அது உடம்புக்கு மொத்தமா ரெண்டா, ஒவ்வொரு செல்லுக்கும் ரெண்டா?"

"ஒவ்வொரு செல்லுக்கும்மா. அன்னைக்கு வட்டம் போட்டுக் காட்டினேனே."

"ஒரு வட்டம்தானே போட்டீங்க!"

"ஆமா," என்றார் ஆலோசகர். "ஒண்ணுதான் போட்டேன்."

"அப்ப எல்லா செல்லுலயும் எனக்கு ஒண்ணு போயிடுச்சா?"

"எல்லாத்துலயும்."

"மார்புல மட்டும் எத்தனை இருக்கும்?"

"கோடிக்கணக்குலம்மா. யாரும் உக்காந்து எண்ணல."

பாய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒத்தைக் காவலோடு குட்டி குட்டிப் பாய்லர்கள், மேசை மேசையாக, கூடத்தின் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எதிலும் சிவப்புத் துணி இல்லை.

"சரி, தங்கச்சிக்கு ரெண்டும் இருந்துச்சே. அவளுக்கு எப்படி?"

"அவ்வளவு கோடியில ஒரே ஒரு செல்லுல காவல் மொத்தமா போனாலும் போதும். ரெண்டு இருக்கறவங்களுக்கு அது நடக்கறது கஷ்டம். ஆனா நடக்கும். ஒண்ணு இருக்கறவங்களுக்கு நடக்கறது சுலபம். ஆனா நடக்காமயும் போகலாம்."

"புரிஞ்ச மாதிரியும் இருக்கு மேடம், புரியாத மாதிரியும் இருக்கு."

"எனக்கும் சில நாள் அப்படித்தாம்மா இருக்கும். எட்டாம் தேதி வர்றீங்களா?"

பாய்லரம்மா அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "வர்றேன்," என்றார்.

ஜூன் 8 அன்று தங்கையும் கூட வந்தாள். "இந்தத் தடவை நான் துணை. என் ரத்தத்தை யாராவது எடுத்தீங்க, பாருங்க" என்று வரவேற்பறையிலேயே எச்சரித்துவிட்டாள். படக்கருவிக்குள் பாய்லரம்மா குப்புறப் படுத்துக்கொண்டார். கருவி இடித்தது, கத்தியது, நிறுத்தி மறுபடி இடித்தது. போல்ட் தளர்ந்த உலர்த்தி உருளை இப்படித்தான் கத்தும் என்று அவர் மனம் தன்போக்கில் பழுது தேடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், "இதை யாராவது சர்வீஸ் பண்றாங்களா?" என்று கேட்டார். தொழில்நுட்பர் அவர் பயந்துவிட்டார் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது: எதுவும் இல்லை. அறுவையைப் பற்றி அவர் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஒரு நாள் எடுத்துவிடலாம் என்று தோன்றும்; மறுநாள், நல்லாயிருப்பதை எதற்கு எடுப்பது என்று தோன்றும். மகள் பெரியவளானதும் தானே முடிவு செய்து சோதித்துக்கொள்ளலாம், அதற்கு முன் வேண்டாம் என்றார் ஆலோசகர். "அவளுக்கும் வந்திருக்குமாம்மா?" என்று தந்தை கேட்டார். பாதிக்குப் பாதி என்று பாய்லரம்மா சொன்னபோது, பாதி என்றால் எந்தப் பாதி என்று கேட்டார். தங்கை, ரெண்டும் இருந்தும் ஏன் எனக்கு என்று இப்போதும் சில சமயம் கேட்பாள். "தெரியலடி" என்பார் அக்கா. முன்பெல்லாம் அதற்கு ஒரு காரணம் சொல்லப் பார்ப்பார், இப்போது சொல்வதில்லை.

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே புதிய வால்வுகளுக்குச் சொல்லியனுப்பினார். அவை ஒன்றிரண்டாகத்தான் வந்தன. வால்வு இல்லாத மேசைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று, ஒவ்வொன்றின் பிளக்கிலும் பாய்லரம்மாவே சிவப்புத் துணி கட்டினார்.

அடுத்த சோதனை: 2022 டிசம்பர் 7, மார்பக எக்ஸ்ரே. ஜூலை மாத இறுதியில் துணி அவிழ்க்கப்பட்ட மேசைகள்: முப்பதில் பதினொன்று.